மூன்று விரல் வித்தியாசம்

அன்பு மச்சான் வேலு,

நலமா என்று கேட்கத்தான் பேனா போகிறது, பழக்க தோஷம். வரும் ஆயுத பூசையோடு நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தில் உன் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். உன் தங்கை சரசு விடவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பே நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவளுக்கே அது போன வாரம்தான் தெரியும்.

முதலில் இங்கத்திய சேதி. கோப்பெங் பக்கம் நம் தோட்டத்தில் பாதி ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்ப்பனை வைத்துவிட்டார்கள். மீதியைத் துண்டு துண்டாக விற்கப் போவதாகப் பேச்சு. நாங்கள் தோட்டம் கொடுத்த அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். நான் அதே தோட்டத்து ஜீப்பைத்தான் ஓட்டுகிறேன். ஜீப்பு இருந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு. இந்த மூன்றுக்கும் நடுவில் எத்தனை வருடமாகத்தான் ஒருவன் சுற்றிக்கொண்டே இருப்பான்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நீ ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் டயர் கடையில் வேலை பார்த்தாய், தவுக்கே என்போம் அவரை. வண்டியின் நாலு டயரையும் ஒரே கயிற்றால் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, வண்டி நம்பரைச் சீட்டில் எழுதிக் கயிற்றிலேயே கட்டி வைப்பாய். முடிச்சு ஒரே இடத்தில் விழுந்தால் வண்டி நல்ல வண்டி. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமே, இதென்ன கயிறு வித்தை என்று நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! நீ சிரித்துவிட்டு அளந்துகொண்டே இருப்பாய்.

அந்த வருடம் உனக்குச் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஆறு பேர் கூட்டமாகப் போக வேண்டும், ஒரே ரயிலில்; தவறினால் இடம் வேறொருவனுக்கு. சரசுதான் தன் கூட்டாளியின் புருஷனிடம் நாலு நடை நடந்து உனக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தாள். நீ போய்க் கால் ஊன்றியதும் எங்களுக்கும் அங்கே ஒரு வழி பண்ணுவதாகப் பேச்சு. ரப்பர் மரம் சீவும் வெட்டுக்கத்தியையும் பால் வாளியையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும் நாளைச் சரசு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதே சமயத்தில்தான் ஜீப்புக்கு டயர் கேட்டேன். நாலும் வழுக்கை, பின்னால் இடப்பக்க டயரில் காற்று வேறு கசிந்துகொண்டிருந்தது. நாலு கேட்டால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இரண்டுதான் கொடுத்தார். உன்னிடம் காட்டியபோது நீ தலையை ஆட்டினாய்.

"இது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி மாப்பிள்ளை. முன்னாடி பெரிசு, பின்னாடி சிறிசுன்னா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். கியரு நடுவுல மாட்டிக்கும். மாத்துனா நாலையும் மாத்துங்க, இல்லன்னா சும்மா வைங்கலா."

"சரிலா, ஸ்டோருல வச்சிடுறேன்" என்றேன். வைத்தேனா? ஆயுத பூசை வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து டிரைவர்கள் எல்லாம் வந்து பார்ப்பார்கள். வழுக்கை டயருக்கா சந்தனம் குங்குமம் வைப்பது? இரண்டு புது டயரையும் முன்னால் மாட்டினேன். பூசை முடிந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தபோது நானே மாப்பிள்ளை, நானே ஊர்வலம். இரவு எங்கள் வீட்டில் தங்குவதாக நீயும் வந்திருந்தாய், ஓரமாக நின்று சுண்டல் சாப்பிட்டாய். "டயர் எப்படி மச்சான்?" என்று திமிராகக் கேட்டேன். "பார்க்க நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றாய்.

மறுநாள் காலை உனக்குப் பத்து காஜா ஸ்டேஷனில் ரயில். சரசு இருட்டோடு எழுந்து, உன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து பஸ் பிடிக்கக் கிளம்பினாய். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன மச்சான், ஜீப்பு இருக்கும்போது நடந்து போறியா? ஆபீஸ் தொறக்குறதுக்குள்ள விட்டுட்டு வந்துடுறேன்லா."

தோட்டத்து வண்டியைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது, தெரிந்தால் வேலை போகும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ பஸ் போகும் திசையை ஒரு தடவை பார்த்தாய். பிறகு ஏறி உட்கார்ந்தாய்.

யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று பின்பக்கப் பாதையில் விட்டேன். இரவு பெய்த மழையில் சேறு. குட்டிக் கியரைத் தள்ளி நாலு சக்கரத்தையும் இழுக்க வைத்து, சேற்றைத் தாண்டி, செம்மண் கல் ரோட்டில் ஏறிவிட்டேன். அங்கேதான் பிடித்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வண்டி யாரோ பின்னால் கட்டி இழுப்பதுபோல் முக்கியது. குட்டிக் கியரைப் பின்னுக்கு இழுத்தால் அசையவில்லை. ரிவர்ஸ் எடுக்கலாம் என்றால் கசிந்துகொண்டிருந்த பின் டயர் தரையோடு படுத்திருந்தது.

"மிதிக்காதீங்க மாப்பிள்ளை, உள்ளுக்குள்ள ஒடைஞ்சிடும். ஒரு சக்கரத்தத் தூக்குனா கியரு தானா விட்டுடும். ஜாக்கி எங்க?"

ஜாக்கி எங்கே? ஷெட்டில் பூசைப் பலகையில் இருந்தது, ஸ்பேனர்களோடு, சந்தனப் பொட்டோடு. மறுபூசை போடாமல் ஆயுதத்தை எடுக்கக்கூடாது என்று நான்தான் தொடாமல் வந்தேன். புதுப் பொய்யை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டப் பயப்படாதவன் சாமிக்குப் பயந்திருக்கிறேன், பார்!

ஒரு பக்கம் ரப்பர் மரம், ஒரு பக்கம் ரப்பர் மரம், நடுவில் நகராத வண்டி. மெயின் ரோடு இன்னும் இரண்டு மைல். உன்னை ஓடு என்று சொல்லியிருக்கலாம். ஓடியிருந்தால் ஒரு லாரியாவது கிடைத்திருக்கும். ஆனால் நீ ஓடிவிட்டால் அந்த வண்டியோடு நான் மட்டும் மாட்டியிருப்பேன். நான் சொல்லவில்லை மச்சான். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

நீ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாய்ந்து கிடந்த ஒரு மரத்துண்டை இழுத்து வந்தாய். அதை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்து, அதன் நுனியில் ஏறி உட்கார்ந்தாய். நான் அடியில் கல் வைத்தேன். நாலாவது தடவையில் சக்கரம் மேலே எழும்பி, 'டக்' என்று தானாகப் பின்னால் சுற்றியது. கியர் விட்டது. நீ கடிகாரத்தைப் பார்த்தாய்.

"ரயிலு போயிருக்கும். ஆபீஸ் தொறக்குறதுக்குள்ள வண்டிய ஷெட்டுல விட்டுடுங்க மாப்பிள்ளை. தங்கச்சிகிட்ட நான் தூங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லவும் செய்தாய். ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்த சரசு உன் பையை ஓங்கி எட்டி உதைத்தாள். "தூங்கிட்டியா? இதுக்கா நான் ஊரெல்லாம் பல்லக் காட்டுனேன்? சோம்பேறி! இனி என் மூஞ்சியில முழிக்காத!" லயம் முழுக்கக் கேட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டு ஈப்போ பஸ்ஸுக்கு நடந்தாய். நான் கதவு ஓரம் நின்று கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஏழு வருடம் அவள் உன்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு நீ வந்தால் அடுப்படியை விட்டு வரமாட்டாள். நீ என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாய். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான் தள்ளினேன். சொன்னால் வேலை போகும், வீடு போகும் என்று முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாளே என்ற பயம். நாள் ஆக ஆகக் கதவு இறுகிக்கொண்டேதான் போனது. மஞ்சள் காமாலையில் நீ போன அன்று, "அன்னிக்கு எழுந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா அண்ணே" என்று உன்மேல் விழுந்து அழுதாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஜென்மம் நான்!

போன வாரம் ஜீப்பில் மறுபடி ஒரு டயர் கசிந்தது. தூக்கிக்கொண்டு உன் கடைக்குப் போனேன். தவுக்கே உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தார்.

"வேலு பூஞா பாராங்லா. ரொம்ப நாளு இங்க இருக்கு. நீ தங்கச்சிக்கு கொடு."

வேலுவின் சாமான் என்றதும் நான் அங்கேயே ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து திறந்தேன். சாக்கட்டி, காற்று பார்க்கும் கருவி, சீட்டுக் கட்டிய கயிறுகள். ஒரு கயிறு மட்டும் மாலை கட்டும் நூல். சீட்டில் என் ஜீப்பின் நம்பர், உன் கையெழுத்தில் 'முன்', 'பின்'. இரண்டு முடிச்சு. இடையில் மூன்று விரல் அகலம்.

அந்த டயர்கள் அந்த ஜீப்பில் இரண்டு நாள்தான் முன்னால் இருந்தன. நீ ரயிலை விட்ட அன்றே கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டேன். அப்படியென்றால் பூசை அன்று எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது நீ அளந்திருக்கிறாய். நான் வாக்குத் தவறியது தெரிந்தும் மறுநாள் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். ஏன் மச்சான்? தங்கை புருஷனின் பேச்சைத் தட்டக்கூடாது என்றா? போகவே உனக்கு மனசில்லையா? எதுவென்று நான் யாரைப் போய்க் கேட்பேன்?

அன்று மாலை கயிற்றைச் சரசு முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓடு என்று சொல்லாமல் விழுங்கியதையும் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. நூலைத் தொடைமேல் நீட்டிப் போட்டு, இரண்டு முடிச்சுக்கும் நடுவில் தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் ஏழு வருசம் எங்கண்ணன்கிட்ட பேசாம இருந்தேன்?"

நூலைச் சுருட்டித் தகரத்தில் வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "அவன சோம்பேறின்னு நான் லயமே கேக்கச் சொன்னேன். இல்லன்னு நீங்க ஊரே கேக்கச் சொல்லணும்."

அதனால்தான் இந்தக் கடிதம் நாலு வரியில் அடங்கவில்லை. கிராணியும் படிப்பார், மானேஜர் துரையும் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வார். வேலையோ வீடோ, போவது போகட்டும். வேலு அன்று தூங்கவில்லை. எனக்கு முன்பே எழுந்து, குளித்து, பையோடு வாசலில் நின்றான்.

இந்த ஆயுத பூசைக்கு, ஷெட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது, உன் கயிற்றைப் பலகையில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்து இதை நானே உரக்கப் படிப்பேன். சரசு எதிரே நிற்பாள். நடுவில் நிறுத்த மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ கடைசிவரைக்கும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்ட,
உன் தங்கை புருஷன்
முனியாண்டி