கிருஷ்ணரின் மூக்கு

ஜனவரி 4, ஞாயிறு

கிருஷ்ணர் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார். மூக்கு இன்னும் கொஞ்சம் போய்விட்டது.

அம்மா கும்பிட்ட பித்தளைச் சிலை. அவள் போன பிறகு ஆறு மாதம் அக்கா, ஆறு மாதம் நான் என்று ஏற்பாடு. நான் மெல்லிய துணியால் துடைத்து வைப்பேன். அக்கா புளியும் சாம்பலும் போட்டு, கம்பி நாரை எடுத்து, அடிபிடித்த பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்ப்பாள். புருவம் போன வருடமே போயிற்று. இப்படியே விட்டால் புல்லாங்குழல் மட்டும்தான் மிஞ்சும். சொன்னால் கேட்கிறாளா?

ஜனவரி 7

குழலுக்கும் உதட்டுக்கும் நடுவில் காய்ந்த புளி. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். கழுவின கையோடு ஈரம் போகத் துடைக்காவிட்டால் மடிப்பெல்லாம் பச்சை பூக்கும் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

"அவரே ஒண்ணும் சொல்லாம நிக்கிறார், உனக்கென்ன?" என்கிறார் என் வீட்டுக்காரர். இவர் ஒருவர்தான் பாக்கி.

ஜனவரி 19

அக்கா போன். கிருஷ்ணர் கறுத்துவிட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். "கறுத்திருப்பார். நீ எங்க தேய்க்கப்போற?" பட்டென்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அக்கா வருகிறாள் என்று காலையிலேயே உட்கார்ந்தேன். வெந்நீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மறுபடியும் துடைத்தேன். கை விட்டுப்போயிற்று. "இதைப் பார்த்து ஷேவ் பண்ணலாம் போலிருக்கு" என்றார் இவர்.

அக்கா வந்ததும் ஜன்னலருகே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பினாள். "மங்கலாத்தான்டி இருக்கு. அம்மா வச்சிருந்தப்ப எப்படிப் பளபளன்னு இருக்கும்!"

வந்ததே கோபம் எனக்கு. மங்கலாம்! நான் செஞ்சா எதுதான் இவளுக்கு நல்லா இருந்திருக்கு? "இனிமே கிருஷ்ணர் இங்கதான் இருப்பார். தேய்ச்சுத் தேய்ச்சு மூஞ்சியையே அழிச்சுட்ட!" என்று கத்திவிட்டேன்.

"மூஞ்சிக்கு என்னடி? நல்லாத்தானே இருக்கு" என்றாள். பச்சைப் பொய். விருட்டென்று எழுந்து போய்விட்டாள், சாப்பிடக்கூட இல்லை. போகட்டும். பட்டினி கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

அன்றே, மாலை

வாசலில் என் கறுப்புச் செருப்பில் ஒன்றும் அவளுடைய சிவப்புச் செருப்பில் ஒன்றும் கிடக்கின்றன. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

பட்டப்பகலில் கறுப்பும் சிவப்புமா தெரியாமல் போகும்? அப்படியென்றால் மங்கலாக இருக்கிறது என்று அவள் சொன்னது — ஐயோ, அக்கா.

பிப்ரவரி 5

ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சண்டை. "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இப்ப வர்ற பல்புதான் சரியில்ல." இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். அக்கா என்னை முறைத்தாள், ஏதோ நான்தான் வரவழைத்த மாதிரி.

பிப்ரவரி 20

ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டு பிரித்ததும் முதல் பேச்சு: "இந்தத் தலையணை உறை என்ன இவ்வளவு அழுக்கா இருக்கு?"

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்து கிருஷ்ணரைக் கையில் எடுத்தாள். விரலால் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மூக்கு எங்கடி?"

இந்தக் கேள்விக்கு வருடக்கணக்காக விதவிதமாகப் பதில் வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "தேய்ஞ்சுபோச்சுக்கா" என்றேன்.

"நான்தானே?"

கண்ணைக் கசக்கப் போனாள். கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே நீயே வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்" என்றாள்.

ஜூலை 5, ஞாயிறு

அக்காவின் முறை தொடங்கிவிட்டது. ஆள் வரவில்லை. கேட்டால் வேலை இருக்கிறதாம். கிருஷ்ணர் முழுசாக எனக்கே. இதற்காகத்தானே இத்தனை சண்டை போட்டேன்? பிறகு ஏன் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது? அவள் இல்லாமல் கிருஷ்ணரை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது?

ஜூலை 12

போன் செய்தேன். "கிருஷ்ணர் ரொம்பக் கறுத்துட்டார்க்கா. எனக்குத் தேய்க்க வரல. வந்து எடுத்துட்டுப் போ."

அக்கா உடனே பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தேய்க்கத் தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

திமிரைப் பார். சாயங்காலம் வருகிறாளாம்.