கட்டில் போட வேண்டிய இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? அப்பா நெஞ்சு மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா? இங்கே பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் நான் நலம். உங்கள் போனுக்கு லைன் கிடைக்காததால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் அவசர அழைப்பு மையத்துக்கு, நம்முடையதைப் போல உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சுவலியில் விழுந்தவரை மருத்துவர் பார்க்க வீடியோவில் காட்டச் சொன்னேன். திரையில் செம்பனை மரங்கள்தான் தெரிந்தன.

"அப்பா கீழ வீட்ல இருக்காரு அக்கா. இந்த மேட்டுலதான் லைன் கெடைக்கும்," என்றார் மகன்.

"அப்ப எனக்கு மரத்தையா காட்டுறீங்க?"

"வேற வழி இல்ல லா."

மகனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வந்ததும் மூச்சு நின்றது. மருத்துவர் திரையில் சொல்லச் சொல்ல மகன் நெஞ்சை அழுத்தினார். பிழைத்துவிட்டார், பயப்படாதீர்கள்.

பட்டணத்தை ஒட்டிய செமினியில் ஆள் குடிவராத புது வீடுகளுக்கெல்லாம் போன் டவர் நிற்கிறது. தோட்டத்துக்கு வீடியோவில் மருத்துவர் வந்துவிட்டார், லைன் வரவில்லை.

கடிதம் கிடைத்ததும் போனோடு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நின்று எனக்கு வீடியோ கால் போடுங்கள். உங்கள் முகம் எனக்குத் தெரிகிற இடத்தில் அப்பாவின் கட்டிலைப் போடுங்கள். அடுப்படியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
செரீனா