ஓட ஓட ஏறிய சர்க்கரை

இன்று காலை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். மாதாமாதம் போவதுதான். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து லேபில் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறிய நேரம், பனியன் தொப்பலாக நனைந்த ஒருவர் உள்ளே வந்தார். "ஓடிட்டு அப்டியே வந்துட்டேன், வெறும் வயிறுதான், சுகர் எடுத்துக்குங்க" என்றார். லேப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடிட்டா? அந்தாண்ட உக்காருங்க சார். மூச்சு அடங்கட்டும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லியிருப்பாய்.

என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட வருடம் அது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் படுக்கையில் போனது. அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை, அவளிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது தங்கச்சி நீ ஒருத்திதான். ரத்தப் பிரிவு பொருந்தியது. இனி உனக்குச் சர்க்கரை இல்லை என்று தெரிந்தால் போதும் என்றார்கள். அதுவரை ஒரு மாத்திரைகூடப் போட்டறியாத உனக்கு அன்றுதான் பயம் பிடித்தது.

"அம்மாக்கு கீது, எனக்கு மட்டும் இல்லாமயா பூடும்?" என்றாய்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னாள். "விடிய எழுந்து நல்லா ஓடு, ஒடம்புல கீற சக்கரை மொத்தம் கரைஞ்சிடும்." யோசனை சொல்ல நம் தெருவில் பஞ்சமா என்ன? மறுநாளே வெறும் வயிற்றோடு மைதானத்தைச் சுற்றித் தலைதெறிக்க ஓடினாய். மூச்சிரைக்க வந்து, செருப்பைக் கழற்றாமலே அம்மாவின் சுகர் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தாய். கூடுதலாகக் காட்டியது. போதாது போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் வேகமாக ஓடினாய். இன்னும் கூடியது. ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு ஓடினாய். அப்போதும் இறங்கவில்லை.

"இன்னாண்ணா இது, ஓட ஓட ஏறிகினே போவுது" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாய். நான் பெரிய மனுஷனாட்டம், "விடும்மா, டயாலிசிஸ்லயே காலத்த ஓட்டிக்கிறேன்" என்றேன். "நீ வாய மூடிகினு படு" என்றாய். சாக எனக்கு இஷ்டமே இல்லை.

ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு முன்பே டாக்டரிடம் நீயாக எல்லாவற்றையும் கொட்டினாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடி முடிச்ச கையோட பாத்தா அப்டித்தாம்மா காட்டும்" என்றார். வேகமாக ஓடும்போது உடம்புக்கு அவசரமாகச் சர்க்கரை தேவைப்படும், கல்லீரல் சேர்த்து வைத்ததை ரத்தத்தில் கொட்டும், தசைகள் செலவழிப்பதைவிட அது அதிகமாகிவிடும், ஓட்டம் நின்றால் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும் என்று விளக்கினார். "நல்லா இருக்குற ஒடம்பு செய்யுற வேலைதான் அது. டெஸ்ட்டுக்கு ஓடாம வாங்க, போதும்." வெளியே வந்ததும், "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாவாம்? மூணு நாளு சோறு போச்சு" என்று கோபப்பட்டாய். ஓடாமல் போய்க் கொடுத்த ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை.

அறுவை முடிந்த பிறகு எனக்குக் கொடுத்த மருந்துகள் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. சாப்பிட்ட பிறகு மெதுவாக நடந்தால் தசைகள் அதை இழுத்துக்கொள்ளும், அவ்வளவு ஏறாது என்று எங்கோ கேட்டுவந்தாய். அன்றிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என்னை ஸ்டேஷன் ரோடு வரை ஓட்டிக்கொண்டு போவாய். "எனக்குச் சரி, நீ ஏன் நடக்குற?" என்று கேட்டேன். "கிட்னி என்னுதுண்ணா. ஒழுங்கா வச்சிகினு கீறியான்னு நான் பாக்க வேணாமா?"

அப்புறம் ஒருநாள் வானகரம் சர்வீஸ் ரோட்டில் லாரி உன் ஸ்கூட்டியை இடித்தது. ஒரே ஒரு சிறுநீரகம் இருந்ததால்தான் நீ பிழைக்கவில்லை என்று சொந்தத்தில் சிலர் என் காதுபடவே பேசினார்கள். தலையில் பட்ட அடி அது, இரண்டு இருந்திருந்தாலும் பிழைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

உன்னை எரித்துவிட்டு வந்த அன்று ராத்திரி அம்மா எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும், வீடு நிறைய ஆட்கள் இருக்க, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இன்னிக்குமா என்று யாரோ கேட்டார்கள். சாம்பலாகாமல் உன்னில் மிச்சம் இருந்தது என் வயிற்றில் வலப்பக்கம் இருந்தது. அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.