வாளி மேயரும் நம் வீட்டுக் கத்தியும்

என் மகள் ஐஜமாலுக்கு அம்மா கல்பூபு எழுதுவது. நான் இருக்கிறேன், மழை வருவதற்கு முன்பே முழங்கால் சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி பல்லும் கண்ணும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் கஸானில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் சரி, அந்தத் தையல் கூடத்தில் சன்னலை அடைத்துவிட்டு உட்காராதே. உன் மகள் ஜிபெக் நன்றாகச் சாப்பிடுகிறாள், நடக்கிறாள், எப்படி நடக்கிறாள் என்று பிறகு சொல்கிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், அதனால் எழுத்து கோணினாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன், துர்ஸுனாயின் மகன் பஸ்ஸில் கொண்டுவந்து தருவான். முதலில் அந்த வியாழக்கிழமை நகராட்சி வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அனார்குல் இருந்தாள். அவள் முன்னால் வரிசையில், கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வந்த நம் பக்கத்து வீட்டுத் துர்ஸுனாய், அவள் பின்னால் நான், என் பின்னால் ஜிபெக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அண்ணி குமுஷாய். அவளுக்குப் பின்னால் ஓய்வூதியம் நின்றுபோன ரயில்வே கிழவர் மாம்பெத், சூரியகாந்தி விதை மென்று தோலை என் சால்வையில் துப்பிக்கொண்டிருந்தார். படியில் போலீஸ்காரன் அசான், சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மாடிச் சன்னலில் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு புது மேயர் ஷேர்மாத். கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்ற, இப்போது ஷேர்மாத்திடம் வேலை பார்க்கிற உன் அண்ணன் பாகாஸ். அவ்வளவுதான், ஒருவரையும் விடவில்லை. ஏன் இப்படி வரிசையாக எழுதுகிறேன் என்று போகப்போக உனக்கே தெரியும்.

அனார்குல் மேயராக இருந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். வாய்க்கால் மடை திறந்துவிடுகிறவரின் மகள், தலைநகரில் தண்ணீர்ப் படிப்புப் படித்துவிட்டு ரப்பர் பூட்ஸோடு ஊருக்குத் திரும்பி வந்தவள். ஊரே திரண்டு பழைய மேயரை விரட்டியபோது நகர மன்றத்து ஆண்கள் கூடி, பொம்பளைதானே, காட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போறா என்று அவளை உட்கார வைத்தார்கள். அவள் முதல் வேலையாக நகராட்சியைச் சுற்றியிருந்த இரும்பு வேலியை அறுக்கச் சொன்னாள், அந்தக் கம்பிகளைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகள் விழுகிற வாய்க்காலுக்குத் தடுப்பாக வைத்தாள். குளிர்காலத்தில் பனிக்குள் ஓடிப் போய்ப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடத்துக்கு உள்ளேயே கழிப்பறை கட்டினாள், மன்றத்தில் அதற்குச் சிரித்தார்கள், மேயரம்மா ஊருக்கே கக்கூஸ் கழுவ வந்திருக்கா என்றார்கள். வியாழக்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் குறை சொல்லலாம், அவள் ரொட்டியும் வெங்காயமும் கடித்துக்கொண்டே கேட்பாள். வாய்க்கால் உடைந்து தெருவெல்லாம் வெள்ளமாக நின்ற அன்று குமுஷாய்க்கு வலி எடுத்தபோது உன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான், அனார்குல்தான் நகராட்சி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள், உன் அண்ணன் மகள் சாலிகா அந்த வண்டியின் பின் இருக்கையில்தான் பிறந்தாள்.

பிறகு வால்நட் பூங்காவை வெட்டிவிட்டு அடுக்கு வீடு கட்டவேண்டும் என்றார்கள், வீடு யாருக்கு என்று கேட்டால் மன்றத்து ஆட்களின் மச்சானுக்கும் மருமகனுக்கும். அவள் முடியாது என்றாள். ஒரே கூட்டத்தில் கையைத் தூக்கி அவளை இறக்கிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்து ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து நகராட்சி வாசலில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள், உள்ள விடலைன்னா வெளிய கேட்டுக்கிறேன், கிழமை மாறலையே என்றாள். உள்ளே ஷேர்மாத்தின் அறை காலி, வெளியே வாளி முன்னால் வரிசை. அவள் அங்கே கேட்டுக்கொண்ட குறையை எல்லாம் தானே எடுத்துக்கொண்டு மாகாணம் வரை போய்க் கத்திவிட்டு வருவாள். ஷேர்மாத் அவளுக்கு வாளி மேயர் என்று பெயர் வைத்தான். ஆமாய்யா, உன் நாற்காலிய எவனாவது புடுங்குவான், என்னுத நானே தூக்கிட்டு வந்துருவேன் என்று அவள் சன்னலைப் பார்த்துச் சொன்னதற்குத் தெருவே சிரித்தது. பூங்காவில் புல்டோசருக்கு முன்னால் படுத்த அன்று காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள், அதிலிருந்து இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். அவள் கழிப்பறை கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள்தான் இழுத்தது. தூ.

இனி ஜிபெக்கின் கால்கட்டு அறுத்த விருந்து. கறுப்பும் வெள்ளையுமாக ஆட்டு மயிர்க் கயிறு நானே திரித்தேன். ஓட்டத்தில் முதலில் வருகிறவர் குழந்தையின் காலில் கட்டிய கயிற்றை அறுக்கவேண்டும், அவருடைய நடைதான் குழந்தைக்கு வரும், உனக்குத் தெரியாததா, உன் கயிற்றைத் தபால்காரர் அறுத்தார், நீ கஸான் வரை போய்விட்டாய். நான் அனார்குலை அழைத்தேன். உன் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஷேர்மாத்தை அழைத்திருந்தான். அந்த ஆள் காரை விரிப்பு ஓரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான், செருப்பைக் கழற்றாமல் கம்பளத்தில் ஏறினான், ஆட்டுத் தலையை முன்னால் வைத்தால் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுக்காமல் தானே தின்று விரலை நம் துணியில் துடைத்தான். மேயர் கையால அறுத்துரலாம்மா, எதுக்கு ஓட்டமெல்லாம் என்று பாகாஸ் குழைந்தான். பந்தயம் இல்லாம கயிறு அறுத்தா பிள்ளைக்கா நடை வரும், உனக்குத்தான் வரும், அதுவும் பின்னால நடக்குற நடை என்றேன். பெண்கள் ஓட்டம் என்று முடிவாயிற்று. அனார்குல் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு காலை இழுத்து இழுத்து ஓடினாள். நம் தெருப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள், ஒருத்தி முள் குத்தியது என்று நின்றாள், துர்ஸுனாய் ஓடுகிற மாதிரி இருந்த இடத்திலேயே குதித்தாள், அப்படி ஒரு ஓட்டத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், ஆமைக்குக்கூடப் பொறுமை போயிருக்கும். அனார்குல் ஜெயிக்கப்போகிற நேரத்தில் குமுஷாய் பின்னாலிருந்து குதிரை மாதிரி பாய்ந்து வந்து கத்தியை எடுத்தாள். எடுத்து நேராக ஷேர்மாத் கையில் கொடுத்தாள். அவன் அந்தக் கொழுத்த கையால் என் பேத்தியின் காலைப் பிடித்தான், வாசனைத் தைலம் நாறியது, அறுத்தான், கன்னத்தைக் கிள்ளினான், குழந்தை வீறிட்டு உட்கார்ந்துவிட்டது. அனார்குல் எண்ணெயில் பொரித்த போர்சோக் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, உங்க மருமகளுக்கு நல்ல கால் பெரியம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் குமுஷாயோடு பேசவில்லை. அவள் கொடுத்த தேநீரைக் கோழிகளுக்கு ஊற்றினேன், அவளுக்குக் கேட்கும்படி அவள் பிறந்த வீட்டையும் அந்த வீட்டு மாட்டையும் திட்டினேன். ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் மாவிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அத்தை, ஓடறதுக்கு முன்னாடி அவரு என் காதுல சொன்னாரு, நீ முந்தி வரலைன்னா நாளைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போயிரு, சாலிகா இங்கயே இருப்பான்னு, எனக்கு என் பிள்ளை அத்தை என்றாள். நான் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆள் மாற்றி வைத்தேன். அப்புறம் ராட்டையை எடுத்து இன்னொரு கயிறு திரித்தேன். ஒரு பிள்ளைக்கு ரெண்டு தடவை அறுப்பாங்களா அத்தை என்றாள். முதல் தடவை அறுத்தது திருட்டுக் கை, கணக்குல சேராது என்றேன்.

அந்த வியாழக்கிழமைதான் நான் முதலில் எழுதிய வியாழக்கிழமை. புதுக் கயிற்றை ஜிபெக்கின் காலில் கட்டிவிட்டு எல்லோரையும் போல நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. என்ன குறை பெரியம்மா என்றாள் அனார்குல். என் பேத்திக்கு இன்னும் கால்கட்டு அவிழல, நகராட்சிதான் கவனிக்கணும் என்றேன். வரிசை சிரித்தது, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பாவின் கொம்புப்பிடிக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன், நான் அதை எடுத்ததும் அசான் படியிலிருந்து இறங்கி வந்து என் கையிலிருந்து பிடுங்கினான், இங்க கத்தியெல்லாம் கூடாது பாட்டி என்றான். என் கையிலிருந்து, அனார்குல் கையிலிருந்து அல்ல, அவள் அதைத் தொடவே இல்லை. கத்தி போனா போகுது என்று அவள் வாளியிலிருந்து இறங்கி மண்ணில் முழந்தாளிட்டு, குமுஷாய் இறக்கிவிட்ட ஜிபெக்கின் காலுக்கு வாயைக் கொண்டுபோய்க் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். மயிரைத் துப்பிவிட்டு, நட தாயி என்றாள். ஜிபெக் நடந்தாள். மாம்பெத் கிழவர் விதையைத் துப்பக்கூட மறந்து நின்றார். அப்போதுதான் உன் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்து, வீட்டுக்குப் போம்மா, அசிங்கமா இருக்கு என்றான்.

அன்று மாலையே அனார்குலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போலீஸ்காரனைக் கத்தியால் குத்த வந்தாளாம். எந்தக் கத்தி, நம் வீட்டுக் கத்தி. நான் நீதிமன்றத்துக்குப் போய், கத்தி என்னுடையது, என் கையில் இருந்தது என்று சொன்னேன். வரிசையில் நின்ற மற்றவர்களைக் கூப்பிடவே இல்லை, துர்ஸுனாய் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீதிபதி பாகாஸை எழுப்பிக் கேட்டார். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான், அம்மாவுக்கு நினைவு தப்பிப்போச்சு ஐயா, செத்தவங்க பேரச் சொல்லி உயிரோட இருக்கறவங்களக் கூப்பிடுது, அந்தப் பொம்பள சொல்லிக்கொடுத்தத சொல்லுது. எனக்கு நினைவு தப்பிவிட்டதாம், ஐஜமால். பிறகு அவனிடம் கத்தியைக் காட்டி, இது உங்கள் வீட்டுக் கத்தியா என்று கேட்டார்கள். நுனியில் ஒரு பல் போயிருக்கும் பார், அது அவன் சின்ன வயதில் டின்னைத் திறக்கிறேன் என்று உடைத்தது, உன் அப்பா அடிக்கப் போனபோது என் பாவாடைக்குள் வந்து ஒளிந்துகொண்டான். அந்த உடைந்த நுனியைப் பார்த்துவிட்டுச் சொன்னான், தெரியாது, நான் பார்த்ததில்லை என்று. அனார்குலுக்கு மூன்று வருடம். அவளைக் கொண்டுபோகும்போது, வாளியைத் துருப்பிடிக்க விட்டுறாதீங்க பெரியம்மா என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வாளி இப்போது நம் தொழுவத்தில் இருக்கிறது, வியாழக்கிழமை நானும் குமுஷாயும் கொண்டுபோய் வாசலில் வைக்கிறோம், யாரும் உட்காருவதில்லை, வரிசை மட்டும் நிற்கிறது.

ஜிபெக்கின் நடையைப் பற்றி உன் அண்ணன் உனக்கு ஏற்கெனவே ஓதியிருப்பான், இடது காலை இழுக்கிறாள், அந்தச் சனியன் வாய் பட்டதுதான் என்று. மருத்துவரிடம் காட்டினேன், புதிதாக நடக்கிற பிள்ளைகள் அப்படித்தான், சரியாகிவிடும் என்றார். சரியாகாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

மேல்முறையீடு இலையுதிர் காலத்தில் மாகாண நீதிமன்றத்தில் வருகிறது. கிழவியின் நினைவு செல்லாது என்றார்கள், உன் நினைவு செல்லும். அந்தக் கத்தியால் நீ தர்பூசணி வெட்டியிருக்கிறாய், விரலை வெட்டிக்கொண்டிருக்கிறாய், தழும்பு இருக்கிறது. விடுப்புக் கேட்டு வந்து அதைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போ, தர மாட்டேன் என்றால் வேலையை விட்டுவிட்டு வா, ஊசி எல்லா ஊரிலும் இருக்கிறது. இனிமேல் குமுஷாயின் எண்ணுக்கே பேசு. உன் வழி திறந்திருக்கட்டும், உன் கை ஓயாமல் இருக்கட்டும், உன் பிள்ளை உன்னை அடையாளம் தெரிந்துகொள்ளும் வயதிலேயே நீ அவளிடம் வந்து சேர், ஓமீன் என்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இதை முடிக்கிறேன். ஷேர்மாத் திருடன், திருடன் திருடுவான், அவனை மறந்துவிடுவேன். அசானுக்குச் சம்பளம், குமுஷாய்க்குப் பிள்ளை, அவர்களையும் விட்டுவிட்டேன். சாகும்போது நான் கூடக் கொண்டுபோக ஒரே ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அதோடு இன்னொன்றைச் சேர்க்க வைத்துவிடாதே.

உன் அம்மா,
கல்பூபு, நினைவு தப்பாதவள்.

அந்தப் பெயரையும் எழுதிவிடுகிறேன், பிறகு கிழவி மறந்துவிட்டாள் என்பார்கள். என் வயிற்றில் முதலில் பிறந்தவன், பாகாஸ்.