நிராகரித்த ஒரே மனு

2016 பிப்ரவரி 9
இன்றும் ஹீட்டர் ஓடவில்லை. மலைக்குளிரில் கையுறையோடு விசாரணை அறிக்கை எழுதுகிறேன். நீதிமன்றத்துச் சமூகப் பணியாளரான எனக்கு இந்த மாதம் இது மூன்றாவது கல்யாண மனு. பெண் இத்தோ, வயது பதினைந்து. அப்பா மோஹா, ஆடு வளர்ப்பவர். மாப்பிள்ளை நாற்பத்தொரு வயது லாரிக்காரன். சட்டம் பதினெட்டு என்கிறது. நீதிபதி மனது வைத்தால் விலக்கு உண்டு. 2004-இல் எங்கள் நாட்டில் அந்தச் சட்டம் வந்தபோது கல்லூரி விடுதியில் நாங்கள் ஆடிய ஆட்டம்! விலக்கு வரியை ஒருத்தியும் படிக்கவில்லை.

பிப்ரவரி 11
மோஹாவிடம் அவள் படிப்பைப் பற்றிப் பேசினேன். "லல்லா ஸுஹூர், உங்களுக்கு முப்பத்துநாலு ஆச்சு. படிச்சீங்க, மாப்பிள்ளை வரல. அந்தக் கதி என் பொண்ணுக்குமா?" வாய்நிறைய 'லல்லா' என்ற மரியாதை வேறு. வராந்தாவே சிரித்தது. காது எரிந்தது. இத்தோவைத் தனியே கூப்பிட்டு, "நீதிபதி ஐயா கேட்டா வேண்டாம்னு சொல்லு. அப்புறம் யாரும் உன்னைத் தொட முடியாது" என்றேன்.

பிப்ரவரி 16
நீதிபதி வழக்கம்போல வயதைக் காகிதத்தில் பார்க்கவில்லை. "எந்திரிம்மா. மேலங்கியைக் கழட்டு. திரும்பு... நல்ல வளர்த்திதான்." மோஹா தலையாட்டினார், சந்தையில் ஆடு விற்பதுபோல.
"சம்மதமா?"
"வேண்டாம்!"
சத்தமாகவே சொன்னாள். எரிச்சலோடு நிராகரித்தார். ஜெயித்துவிட்டோம்! போகும் வழியில் எனக்கு நானே கேக் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 3
அந்த வாரச் சனிக்கிழமையே வீட்டில் ஃபாத்திஹா ஓதிக் கல்யாணத்தை முடித்து, இத்தோவை லாரிக்காரனோடு அனுப்பிவிட்டார்களாம். பதிவில்லை, காகிதமில்லை. இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். பிறகு எந்த வாயால் அவளுக்குத் தைரியம் சொன்னேன்?

2017 ஜனவரி 17
இத்தோ வந்தாள். ஏழு மாத வயிறு. லாரிக்காரன் பிள்ளையை ஏற்க மாட்டேன் என்கிறானாம். தன்மேல் பழி வராதபடி அவள் எழுதிக் கொடுத்தால், நடந்த கல்யாணத்தை அங்கீகரிக்கக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடுவானாம்.
"நானே ஆசைப்பட்டேன்னு எழுதுங்க லல்லா. இல்லாட்டி புள்ளைக்கு அப்பன் பேரில்ல."
"பொய்யாச்சே இத்தோ..."
"நெசம் சொன்னேனே, என்ன ஆச்சு?"
எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். கீழே, பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை எழுத்தில் பெயர் போட்டாள்.

ஜனவரி 24
ஜெயித்த ஒன்றையும் என் கையாலேயே பொய்யாக்க வைத்தாளே என்று அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. ச்சே, என்ன பிறவி நான்.

மார்ச் 8
மகளிர் தினம். மேலிடத்துப் பாராட்டுத் தாள் வந்திருக்கிறது. எங்கள் நீதிமன்றத்தில் போன வருடம் வந்த சிறுமித் திருமண மனுக்கள் இருபத்துமூன்று, நிராகரித்தது ஒன்று. அதற்கு முந்தைய வருடம் அதுவும் இல்லை, ஆகவே முன்னேற்றம். "எல்லாம் உன் இத்தோ புண்ணியம்" என்று நீதிபதி கண்ணடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு காத்திருக்கும் பெண்களுக்கெல்லாம் ரோஜா கொடுக்கச் சொன்னார்கள். வராந்தாக் கடைசியில் இத்தோ, நிறைமாதம், அங்கீகாரத் தீர்ப்புக்காக உட்கார்ந்திருந்தாள். பூவை நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தாள்.
"இதுக்கும் கையெழுத்துப் போடணுமா லல்லா?"
"வேண்டாம்" என்றேன். அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.