வளைய வேண்டிய தகடு

ஜூலை 3

இன்ஜினியர் மைதிலி மேடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பட்டறையைத் தேடி வந்தார். அசாமில் ஆஸ்பத்திரி கட்டுகிறார்களாம். பூகம்பத்துக்காகத் தூண்களுக்கு நடுவே போல்ட்டு போட்டு மாட்டும் இரும்புத் தகடு வேண்டும். பன்னிரண்டு மில்லி கனம், நடுவில் நீள நீளமாக வெட்டு. ஏதோ விளக்கினார். 'பூகம்பம்' என்றதற்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. சாம்பிள் தேறினால் நானூறு தகடு. ஆறு மாதமாகக் கேட் வேலைகூட இல்லை. இன்ஷா அல்லாஹ், இது கிடைத்தால் பட்டறை பிழைக்கும்.

ஜூலை 9

பன்னிரண்டு மில்லியா? நாம் செய்த கேட்டில் லாரி மோதி, நொறுங்கியது லாரிதான்! ஆஸ்பத்திரி விஷயம், நோயாளிகள் பாவம். இருபது மில்லியில் செய்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது.

வெல்டர் வேம்புலி தட்டிப் பார்த்து, "பாய், யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றான்.

ஜூலை 17

இன்று சாம்பிளுக்குப் பரீட்சை. பெரிய மெஷின் தூணையும் உத்திரத்தையும் பிடித்து ஆட்டியது. என் தகடு அசையவே இல்லை, உத்திரம்தான் முறுக்கிக்கொண்டது. கைதட்டினேன். நான் ஒருவன்தான் தட்டினேன்.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாய், அது வளையணும்! அடிய அது வாங்கிக்கிட்டு நசுங்கணும், கட்டடம் தப்பிக்கும். அப்புறம் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். அதுக்குத்தானே இது?"

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் தவறினால் ஆர்டர் போச்சு.

ஜூலை 18

வளையணுமாமே — வளையணும்!

ஜூலை 19

சோறு இறங்கவில்லை. வளைவதற்கென்றே ஒன்றைச் செய்வதா? நானா? என் வீட்டுக்காரி நசீம் சிரிக்கிறாள். "இதுக்கா மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீறீங்க? உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் நடுவுல நான் இத்தினி வருசமா அதத்தானே பண்ணிகினு கீறேன்?"

தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 26

சரியாகப் பன்னிரண்டு மில்லி. வேம்புலிக்கு மனசு கேட்கவில்லை. "மெலிசா கீதே பாய், ஓரமா ஒரு வெல்டு இழுத்துடட்டா?"

"கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்!"

ஆகஸ்ட் 5

வளைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி மறுபடி. கடைசியில் கோணிக் கசங்கி நின்றது. உத்திரத்தில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. பெற்ற பிள்ளை அடிவாங்குவதைப் பார்த்த மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆர்டர் நமக்குத்தான்.

செப்டம்பர் 11

வானகரத்திலிருந்து ஒரு பில்டர் வந்தார். தகட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமா கீதே பாய், வளையுமா?" என்று இழுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "இன்னா சார் கேள்வி இது? முப்பது வருசமா தொழில் பண்றேன். நம்ம பட்டறை சரக்கு என்னிக்காவது வளையாம இருந்துகீதா?"

வேம்புலியும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினான்.