முன்னால் சொல்லிவிட்டு உருட்டிய பகடை

என் ரகுவுக்கு,

கடை மாடியில் மறுபடியும் ஆட்டம் தொடங்கிவிட்டோம். உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? கல்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயே, அதற்குப் பிறகு செங்கல்பட்டில் என் பிளைவுட் கடைக்கு மேலே இருக்கும் அந்த அறையை யாரும் திறக்கவில்லை. போன ஞாயிறு மதியம் நான்தான் திறந்தேன். உன் இருபது முகப் பகடை எவர்சில்வர் தட்டிலேயே கிடந்தது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்களே, "மேல இன்னா நடக்குது, சீட்டா?" என்று. சீட்டில்லை, பந்தயமில்லை, பேச்சும் பகடையும்தான் என்றால் நம்ப மாட்டார்கள். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். நடத்தியவன் நீ. நான் கூலிக்குச் சண்டை போடும் வீரன். மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் நம் இப்ராகிம், திருடன். உன் மனைவி கோமதி, படகோட்டி.

நான் வியாபாரி. உன் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: விலையை முன்னாலேயே சொல்லிவிடுவாய். "இந்தச் சுவர்ல ஏறலாம். தவறுனா கால் ஒடியும், மலை இறங்குற வரைக்கும் நொண்டிதான். சரியா?" என்று கேட்பாய். சரி என்றால்தான் பகடை. விழுந்த பிறகு ஏற்றவும் மாட்டாய், இறக்கவும் மாட்டாய். நானும் பலகையை அளந்து, விலை சொல்லி, ஆள் தலையாட்டிய பிறகுதானே ரம்பம் வைக்கிறேன்?

அப்படித்தான் என் வீரனின் வலது கை போனது. எனக்குக் கோபம் வரவில்லை, இப்ராகிமுக்கு வந்தது. "இன்னா மனுசன்யா நீ! ஒத்தக் கைய வச்சுகினு அவன் இன்னா பண்ணுவான்?"

"அதத்தாம்ல நானும் பாக்கணும்" என்று சிரித்தாய். தோற்றவனுக்குக் கதை முடிந்துவிடக் கூடாது, வேறொரு கதவு திறக்க வேண்டும் என்பாய்.

போன ஞாயிறு உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். நீ விட்ட இடத்திலிருந்தே கதை: புயல், பாறைமேல் கலங்கரை விளக்கம், அதைக் காக்கும் கிழவன். அந்தக் கிழவனுக்கு மூக்கால் இழுத்து ஒரு குரல் கொடுப்பாயே, கோமதியை "ஏளா, படகோட்டி" என்று அழைத்துச் சிரிக்க வைப்பாயே, அவனை அலை அடித்துக்கொண்டு போகிறது. காப்பாற்றப் படகை விடுவதாகக் கோமதி சொன்னாள்.

பழக்கத்தில் வாய் விலை சொல்லிவிட்டது. "தவறினா படகு பொழைக்கும், கெழவன் கடலோட பூடுவான். சரியாம்மா?"

"சரிண்ணே."

இருபதுக்கு இரண்டுதான் விழுந்தது; தவறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையில் நீ குரல் கொடுத்தவர்களில் மிச்சமிருந்தது அந்தக் கிழவன் ஒருவன்தான். அவனையும் நானே பணயத்தில் வைத்துவிட்டேன். இப்ராகிம் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "தட்டு ஓரத்துல இடிச்சிட்ச்சு, செல்லாது. இன்னொரு வாட்டி போடும்மா." நானும் தலையாட்டப் போனேன்.

கோமதி தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க. அவுக போனதுலருந்து எல்லாரும் எனக்கு இப்படித்தான் செய்தாங்க. ஆபீஸ் குவார்ட்டர்ஸ எப்பக் காலி பண்ணணும்னு கேட்டா, 'பாத்துக்கலாம்மா'ங்காங்க. என்ன ஆகும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. நானும் சரின்னேன். கெழவர் போயிட்டாருன்னு சொல்லுங்கண்ணே."

சொன்னேன், ரகு. அலை மூடியது, தோள் துண்டுகூடக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கோமதி அழுதாள். உன் காரியத்தன்றுகூட எங்கள் முன்னால் அழாதவள். இப்ராகிம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். முன்னால் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? எதைப் பணயம் வைக்கச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? நீ எப்படி யோசிப்பாய் என்று ஒரு நாளும் கேட்டுவைக்கவில்லையே நான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "கெழவர் இல்லன்னா விளக்கு அணைஞ்சிருமே. வார கப்பல் என்னாகும்?"

"பாறையில மோதும்."

"அப்ப நான் ஏறிப் பத்த வைக்கேன்."

"பாறை வழுக்கும்மா. சறுக்கினா படகும் பூடும், திரும்பி வர வழியே இருக்காது. சரியா?"

"சரி" என்று பகடையை எடுத்து உருட்டினாள். பதினாறு விழுந்தது. கதையில் படகோட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறி விளக்கைப் பற்ற வைத்துவிட்டாள்.

குவார்ட்டர்ஸ் விஷயமாக நாளைக்கு நானே அவளோடு உன் ஆபீஸுக்குப் போகிறேன். எதற்குள் காலி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நேராகக் கேட்போம். பதில் கசப்பாக இருந்தாலும் அவள் காதில் விழாமல் நடுவில் நின்று மறைக்க மாட்டேன். சரி என்பதா வேண்டாம் என்பதா, அவள் சொல்லட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோமதிக்கு அண்ணன், அந்த முறையில் உனக்கு மச்சான்,
தாஸ்